நம்ம வீடு (குடும்பக் குழு)

அண்ணி: வியாழன் காலை பத்து மணிக்கு எங்கள் பையனைக் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ இதே பிரிவில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன், முதல் நாள் என்ன செய்வார்கள்? ஆக்சிடென்ட் பற்றியே கேட்டால் மறுபடி அழுவானே.

பெரியம்மா: ஆறிப்போனதை எதற்குக் கிளற வேண்டும்? மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும்.

நான்: கயிறும் கட்டுங்கள் பெரியம்மா, தப்பில்லை. ஆனால் ஆறவில்லையே. விபத்து நடந்த புதிதில் பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவது உண்டு, பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இவனுக்கு ரெண்டு மாதம் ஆகிவிட்டது. லாரி ஹாரன் கேட்டால் இன்னும் காதைப் பொத்துகிறான். பொம்மை லாரியைப் பைக் மேல் மோதவிட்டு, அதையே திரும்பத் திரும்ப விளையாடுகிறான்.

நான்: அண்ணி, முதல் நாள் சிகிச்சை தொடங்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பேச்சுதான். முதலில் எல்லோரையும் சேர்த்து, அப்புறம் உங்களைத் தனியாக, அவனைத் தனியாகப் பார்ப்பார்கள். உங்களிடம் பிரசவத்திலிருந்தே கேட்பார்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று. படுக்கையில் சிறுநீர் போவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவனைப் படம் வரைய விடுவார்கள். ‘கெட்ட கனவு வருகிறதா? அடிக்கடியா, எப்போதாவதா?’ என்கிற மாதிரி ஒரு கேள்வித்தாள் இருக்கும். நடந்ததை முழுசாகச் சொல் என்று யாரும் நெருக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

அண்ணி: மாத்திரை கொடுப்பார்களா? ஸ்கேன் எடுப்பார்களா?

நான்: இந்தப் பயம் ஸ்கேனில் தெரியாது. தலையில் அடிபட்டதால் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பேச்சு வழிச் சிகிச்சைதான். வாரம் ஒன்றாக, பொதுவாக 12 முதல் 16 தடவை இருக்கும். அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

பெரியம்மா: ஸ்கூலுக்குத் தெரிந்தால் பெயர் கெட்டுவிடாதா?

நான்: நீங்கள் சம்மதிக்காமல் ஸ்கூலுக்குச் சொல்ல மாட்டார்கள். 2017 மனநலச் சட்டமே அதற்குப் பாதுகாப்பு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, யாரோ அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரியவந்தால்தான் வேறு.

அண்ணன்: அன்றைக்கு எனக்கு ஆடிட். நீங்கள் போய்ட்டு வாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.

நான்: அண்ணே, வண்டி ஓட்டியது நீ. அந்தப் பாலத்தில் ஏறாமல் இன்னும் சுற்றித்தான் ஆபீஸ் போகிறாய். உன்னையும் கேட்பார்கள், குற்றம் கண்டுபிடிக்க இல்லை. அப்பா பதறிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கும் பயம் தெளியாது. கட்டாயம் வா.

அண்ணி: அவனிடம் எங்கே போகிறோம் என்று சொல்ல? ஐஸ்கிரீம் வாங்க என்று சொல்லட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம் அண்ணி. ‘லாரி மோதினதில் இருந்து உனக்குப் பயமா இருக்குல்ல, அதைக் குறைக்கத் தெரிந்த ஒருத்தரைப் பார்க்கப் போறோம், ஊசி கிடையாது’ என்று முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். அதற்குள் ராத்திரியில் ரொம்பப் படுத்தினால் 14416-க்குப் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

பெரியம்மா: சின்னவளை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணன்: சரி, லீவு சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், பைக் வேண்டாம்.