பழைய கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுவது: தம்பியின் கேள்விக்கு என் பதில்

தம்பிக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்ற உறவுகளுக்கும் வணக்கம்.

நூறு வருடம் தாண்டிய செங்கல் கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது, நாலு பேர் சேர்ந்து வாங்கி, பழமை கெடாமல் சீர்செய்து தனித்தனி வீடுகளாக வாடகைக்கு விடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். வந்த பதில்கள் எல்லாம் கடன், வட்டி, வரவு என்றே போய்விட்டன. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் பழைய கட்டடத்தில் பணம் கரைவது சுவர் வழியாக. அதனால் சுவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் எடுத்த கட்டடத்தில் செங்கல் இடுக்குகளில் சாந்து உதிர்ந்து கிடந்தது. வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் எல்லா இடுக்கையும் சிமெண்ட் வைத்து அடைத்துக் கொடுத்தார். பார்க்கக் கச்சிதமாக இருந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது செங்கல்லின் முகம் தகடுதகடாக உரிந்து விழுந்தது. உள்ளே குடியிருந்த குடும்பத்தின் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதை நீற்றி மணலோடு குழைத்து வைத்தால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அப்படி இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். சுவருக்குள் போன ஈரம் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே வந்து காயும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்துதான் விட்டுக்கொடுக்கும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் ஈரத்துக்கு வேறு வழியில்லை, செங்கல் வழியாகவே வெளியேறும். கூடவே வரும் உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் பூத்துத் தள்ளும். உறைபனி விழும் ஊரில் ஈரம் உறைந்து விரிந்து இன்னும் வேகமாக உரிக்கும். இன்றைக்கு நாம் சாதாரணமாக வாங்கும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். ஆனாலும் அதற்குப் பிறகு வெகுகாலம் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பில்தான் எழுந்தன. ஆகவே கட்டிய வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டதற்கான விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

வாங்குவதற்கு முன்பு மழை பெய்யும் நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் தெரியும். கூரைத் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, குழாய் எங்கே உடைந்திருக்கிறது, வெளித்தரை மேடேறி உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அடிச்சுவரில் ஓதம் ஏறியிருந்தால், சுவரில் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும் என்று ஒருவர் வந்து சொல்வார். அதற்குச் சம்மதிப்பதற்கு முன் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து, வெளியே மேடேறிய மண்ணை வெட்டி இறக்கி, ஒரு வருடம் காய விடுங்கள். பாதி இடங்களில் அதுவே போதுமாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விரிசலைப் பார்த்து மிரள வேண்டாம். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வைப்பது பழைய வழக்கம். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள், பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நாலு பருவமும் கடந்து உடையாமல் இருந்தால், அது என்றைக்கோ நகர்ந்து நின்றுவிட்ட விரிசல்.

ஒயரிங், தண்ணீர்க் குழாய் இரண்டிலும் பழமை பார்க்காதீர்கள். ரப்பரும் துணியும் சுற்றிய ஒயர் காய்ந்து நொறுங்கும், தீப்பிடிக்கும். முழுவதும் மாற்றுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பிரிட்டனில் முழுவதுமாகத் தடையானது 1999இல். அதற்கு முன் கூரைத் தகட்டிலும் குழாய் உறையிலும் தரை ஓட்டுக்கு அடியிலும் வைத்திருப்பார்கள். இந்த இரண்டையும் சோதித்து முடிக்கும்வரை எதையும் உடைக்க வேண்டாம், ஆர்வத்தில் நண்பர்களே சுத்தியலை எடுத்துவிடுவார்கள்.

ஜன்னல்களைக் காப்பாற்றுங்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. பழைய மரச் சட்டம் பெரும்பாலும் மெதுவாக வளர்ந்த மரத்தில் அறுத்தது, வளையங்கள் நெருக்கமாக இருக்கும், எளிதில் உளுத்துப் போகாது. மேலும் கீழும் நகரும் ஜன்னல் திறக்க வரவில்லை என்றால் பெரும்பாலும் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பக்கப் பெட்டிக்குள் எடைக்கட்டி தொங்கும் கயிறு அறுந்திருக்கும். ஒரு தச்சர் அரை நாளில் சரிசெய்துவிடுவார். குளிருக்கு உட்புறம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால் போதும். வேண்டாதபோது கழற்றிவிடலாம். பிளாஸ்டிக் ஜன்னலை மரச் சட்டம் போலப் பழுது பார்ப்பது கடினம், கெட்டால் பெரும்பாலும் மொத்தமாகத்தான் தூக்கிப்போட வேண்டும்.

எவ்வளவு பழுது பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வேலையின் நடுவே தினமும் வரும். ஆங்கிலேயக் கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றைக்கே சொன்னது, புதுப்பிக்கிறேன் என்று இல்லாத பழமையை உண்டாக்காதே, இருப்பதைப் பழுது பார் என்பதுதான். பழங்கட்டடங்களைக் காப்பது பற்றிப் பல நாட்டு வல்லுநர்கள் கூடி எழுதிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் புதியது என்று தெரியவும் வேண்டும். எங்கள் இரண்டாவது கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. பழையது மாதிரியே கடைந்து கறைபூசி ஒட்டாமல், அதே பருமனில் எளிய மரம் வைத்தோம். குடியிருப்பவர்கள் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் கதை சொல்வேன்.

நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் இருப்பதால் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில், பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட பழைய கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் உள்ளே செய்தாலும் முன்அனுமதி வேண்டும், மீறினால் குற்ற வழக்கு. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை வாடகைக்கு விட்டால், சீரமைப்புச் செலவை முதல் 8 வருடம் 9 சதவீதமும் அடுத்த 4 வருடம் 7 சதவீதமும் வரிக்கணக்கில் கழிக்கலாம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே பழங்கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தோடு பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடத்தை வருமானத்துக்காகச் சீரமைத்தால் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வரிச்சலுகை உண்டு. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது.

கடைசியாக, யாருக்கு விடுவது. பிரிட்டனில் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1965 முதல், இடியும் நிலையிலிருந்த கட்டடங்களை மீட்டு விடுமுறைத் தங்கலுக்கு விடுகிறது. அந்த வருமானம் கட்டடங்களின் பராமரிப்புக்குப் போகிறது. நல்ல வழிதான், ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அமைப்பே இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து செய்வதற்கு, நீண்ட நாள் தங்கும் குடும்பங்கள்தான் சரி என்பேன். தினமும் சமைத்து, ஜன்னலைத் திறந்து, குழாய் சொட்டினால் அன்றே போன் செய்பவர் கட்டடத்துக்குக் காவல். அவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். மரத்தரை கிரீச்சிடும், மேல்வீட்டுக் காலடி கேட்கும் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே நடத்திக் காட்டுங்கள். தரைப்பலகைக்கு அடியில் பழைய சாம்பலோ மணலோ நிரப்பியிருந்தால் குப்பை என்று அள்ளிவிடாதீர்கள், சத்தத்தைத் தடுக்க அன்றைக்கு வைத்தது அது.

தம்பி, அடித்தளச் சுவரின் படமும் விரிசல்களின் படமும் அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அகலம் தெரியாது. கூரைக்குக் கீழே உத்தரங்கள் சுவரில் பதியும் நுனிகளையும் மறக்காமல் எடுங்கள். மரம் முதலில் உளுப்பது அங்கேதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்