புதுப்பிப்பு: அமெரிக்கன் லீஜியன் கிளைத் தலைவர்கள் மீது புகார், நோட்டரி முதல் ஆடியோ வரை

அமெரிக்கன் லீஜியன் என்பது அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் சங்கம். முந்தைய இழையில், அங்கே பெண் வீரர்களையும் கறுப்பின வீரர்களையும் கிளை நிர்வாகிகள் இழிவாகப் பேசினால் யாரிடம் போவது என்று எழுதியிருந்தேன். "கடிதம் கொடுத்தும் கண்டுகொள்ளவில்லை" என்பதுதான் அதற்கு அதிகம் வந்த பதில்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: லீஜியனின் அமைப்பு விதிப்படி உறுப்பினர் மீதான குற்றச்சாட்டு எழுத்தில், சத்தியப் பிரமாணத்தோடு இருக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திடாத கடிதம் வெறும் மனக்குறைதான். "அவர் இனவெறியர்" என்று எழுதாதீர்கள். தேதி, இடம், வாயிலிருந்து வந்த அதே சொற்கள், கேட்டவர்கள் பெயர், இவ்வளவு போதும். "உறுப்பினருக்கு ஒவ்வாத நடத்தை" என்ற பிரிவைக் குறிப்பிடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரே கிளைத் தலைவர் என்றால், விசாரணைக் குழுவை அவரே போட்டுவிடக்கூடும். நகலை மாநில அமைப்புக்கும் அனுப்புங்கள். கிளையின் சாசனத்தில், அதாவது கிளை இயங்குவதற்கான அனுமதியில், கை வைக்கும் அதிகாரம் அங்கேதான். 2021 மே மாதம் ஒஹாயோவின் ஹட்சன் நகரில் லீஜியன் கிளை நடத்திய நிகழ்ச்சியில், போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாளின் (Memorial Day) தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்கு இருந்த பங்கைப் பற்றிப் பேசிய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் மைக்கை அணைத்தார்கள். சில நாட்களிலேயே மாநில அமைப்பு கிளையின் சாசனத்தை நிறுத்திவைத்தது. நிர்வாகி ஒருவர் பதவி விலகினார். மைக் அணைந்த காட்சியின் காணொளி இல்லாவிட்டால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா, சந்தேகம்தான்.

ஆக்ஸிலரி, அதாவது வீரர்களின் குடும்பத்தினருக்கான துணை அமைப்பு, தனி அமைப்பு, விதிகளும் தனி. அதன் நிர்வாகி மீதான புகார் அங்கேதான் போக வேண்டும்.

ஆடியோ பதிவு: உரையாடலில் நீங்களும் இருந்தால் ஒஹாயோவில் உங்கள் சம்மதம் மட்டும் போதும். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, புளோரிடாவில் தனிப்பட்ட பேச்சைப் பதிய எல்லோர் சம்மதமும் தேவை. மீறினால் வழக்கு உங்கள் மீதே பாயும்.