சோளக்காட்டுப் பிள்ளைகள் இரண்டாம் பாகம்: கொன்றது சாமியா, பூசணமா?

மானூர் பரண் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரு படத்தின் முன்பாதி மட்டும் ரொம்ப வருஷமாக என் தலைக்குள் கிடக்கிறது. பின்பாதியை யாராவது சொல்லி முடித்து வைக்க வேண்டும்.

1997. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் மானூருக்கு மேற்கே. குளத்துப் பாசனம் பாதி, வானம் பார்த்த புஞ்சை பாதி. கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். முதலில் ஒரு சாமி படம், அப்புறம் இரண்டு சண்டைப் படம். அதற்குள் பாதி ஊர் பாயில் சாய்ந்துவிடும். அந்த வருஷம் நாலாவதாக, பம்பாயிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டைப் போட்டார்கள். 'சில்ட்ரன் ஆஃப் த கார்ன்', அதிலும் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகவும் படவில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர்தான் எங்களுக்குக் கதை சொன்னார். "பெத்தவங்களையெல்லாம் கொன்னு போட்ட பிள்ளையள, பக்கத்து ஊர்க்காரன் கொண்டாந்து வச்சு வளக்கான்ல" என்றார். ராத்திரி சோளக்காட்டுக்குள் பிள்ளைகள் கூடி நிற்கும் இடத்தில் எங்கள் ஆச்சி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னல, அங்கயும் கொடையா? கிடா எங்க?" என்று கேட்டாள். சிரித்தோம். கிடா யார் என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ஒரு கிழவியின் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அவள் அடியில் போயிருக்கும்போது பிள்ளைகள் அதை இறக்கிவிடுவார்கள். இன்னொரு கிழவியின் சக்கர நாற்காலியை ரிமோட்டால் ஓட்டுவார்கள். சர்ச்சில் ஒருத்தருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவே நிற்காது. அப்புறம் ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு பேராசிரியரும் சோளத்தில் பச்சையாகப் பூசணம் பிடித்திருப்பதைப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் கரண்ட் போனது. வந்தபோது மணி அஞ்சரை. டெக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தீர்ப்பு: கெட்டுப்போன சோளத்தைத் தின்று பிள்ளைகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஆச்சி தீர்ப்பு: காட்டுச் சாமிக்கு ஒழுங்காகக் கொடை கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டில் எது சரி?

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கம்பு, நாட்டுச் சோளம், உளுந்துதான். கோழித்தீவனத்துக்கு விலை வந்த பிறகு நானும் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டேன். பன்றிக்காகப் பரணில் காவல் இருக்கிறேன். வரிசைக்கு வரிசை இரண்டடி இடைவெளி. டார்ச் அடித்தால் வெளிச்சம் நாலு தட்டையைத் தாண்டாது. கதிர் முற்றித் தோகை காய்ந்த பிறகு சும்மா காற்றடித்தாலே ஆள் நடக்கிற சத்தம்தான் கேட்கும். பன்றி வந்தால் வேட்டுப் போடலாம், வராமல் சத்தம் மட்டும் கேட்டால் என்ன செய்ய?

இந்த மாசி மாதம் அறுவடை சமயத்தில் மழை பெய்து என் குவியலிலும் நுனி கறுத்த கதிர்கள் கிடக்கின்றன. அதைப் பார்த்ததும் படம் ஞாபகம் வந்துவிட்டது.

---

பழைய கேசட் பதில்:

உங்கள் கரண்ட் நல்ல இடம் பார்த்துத்தான் போயிருக்கிறது. அந்தப் பூசணத்துக்குப் பிறகுதான் கதையே.

மூலம் ஸ்டீபன் கிங் 1977-ல் எழுதிய சிறுகதை. நெப்ராஸ்கா மாநிலத்தில் கேட்லின் என்ற கற்பனை ஊர். முதல் படம் 1984-ல் வந்தது. நீங்கள் பார்த்தது அமெரிக்காவில் 1993 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது, டேவிட் பிரைஸ் எடுத்தது. இடையில் ஒன்பது வருஷம் ஓடியிருந்தாலும் கதைப்படி முதல் பாகம் முடிந்த கையோடு ஆரம்பிக்கிறது. நெப்ராஸ்கா என்று காட்டுவதெல்லாம் வட கரோலினாவில் லிபர்ட்டி என்ற சின்ன ஊர்.

பத்திரிகைக்காரர் பெயர் காரெட். மலிவுப் பத்திரிகையில் வேலை. கூடவே முகம் கொடுத்துப் பேசாத மகன் டேனி. அப்பன் செய்தி தேடி அலையும்போது மகன் அந்தப் பிள்ளைகளின் தலைவன் மைக்காவிடம் போய்ச் சேர்கிறான். பேராசிரியர் ரெட்பேர், அமெரிக்கப் பூர்வகுடிக்காரர். அவரும் காரெட்டும் சேர்ந்து கண்டுபிடிப்பது என்னவென்றால், போன வருஷத்துக் கெட்ட சோளத்தை இந்த வருஷத்துப் புதுச் சோளத்தோடு கலந்து விற்க ஊர்ப் பெரியவர்களே திட்டம் போட்டிருக்கிறார்கள். மூடி மறைப்பதில் போலீஸ் அதிகாரியும் கூட்டு. இவர்கள் இரண்டு பேரையும் கட்டிப்போட்டு அறுவடை மெஷினுக்குப் பலி கொடுக்கப் பார்க்கிறார்.

ஆக, வாத்தியாரும் பாஸ், ஆச்சியும் பாஸ். பூசணமும் உண்டு, மைக்காவின் உடம்பில் வந்து இறங்கும் சாமியும் உண்டு. அந்தச் சாமிக்கு அவர்கள் வைத்த பெயர் 'வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவர்'. உங்கள் பரணுக்கு அடியில் நடப்பது அவராக இருக்காது என்று நம்புவோம்.

பெரியவர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கும் மண்டபத்தைப் பிள்ளைகள் பூட்டித் தீ வைக்கிறார்கள். கடைசியில் மைக்கா அதே அறுவடை மெஷினுக்குள் போகிறான். ரெட்பேர் அம்பு பட்டுச் சாகிறார். காரெட்டும் டேனியும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

துணைத் தலைப்பு 'கடைசிப் பலி'. பத்து லட்சம் டாலருக்குள் எடுத்த படம் சுமார் 70 லட்சம் வசூல் பண்ணினால் எங்கே கடைசி? 1995-ல் மூன்றாம் பாகம், மறுவருஷமே நாலாம் பாகம், அப்படியே வண்டி ஓடியது. அந்த இரண்டும் தியேட்டர் பக்கம் வராமல் நேராக வீடியோவுக்குப் போனவை. நாலாவதில் நவோமி வாட்ஸ் நடித்திருக்கிறார், அதற்காக வேண்டுமானால் பார்க்கலாம்.

---

விளாத்திகுளம் கரிசல் பதில்:

மானூர் தம்பி, படம் நான் பார்த்ததில்லை. பூசணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மக்காச்சோளத்தில் மஞ்சளும் பச்சையுமாகப் பிடிக்கும் பூசணம் ஆஸ்பர்ஜில்லஸ். அது கக்கும் விஷம் அஃப்லடாக்சின். அந்த விஷம் அடிப்பது ஈரலை, புத்தியை இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் பிரேசிலிலிருந்து போன கடலைப் புண்ணாக்கு. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வயிறு வீங்கி, மஞ்சள் காமாலை வந்து. அந்த வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. கத்தியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. வேறு நாதியில்லாமல் அதைத் தின்ற ஏழை சனங்கள்.

புத்தி பேதலிக்க வைப்பது வேறு பூசணம், எர்காட். ஐரோப்பாவில் ரை தானியத்தில் வருவது. அதைத் தின்றவர்களுக்கு வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் உண்டு. நம் கம்பில் தேன் ஒழுகல் என்று சொல்கிறோமே, அது இதற்குப் பங்காளி. அதற்குத்தான் விதைக்கும் முன் பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைப் போட்டு, மிதப்பதை அள்ளி வெளியே வீசச் சொல்கிறார்கள். படக்காரர்கள் சோளத்தை விட்டுவிட்டு ரையை வைத்திருந்தால் உங்கள் வாத்தியார் முழு மார்க் வாங்கியிருப்பார். ஆனால் ரைக் காடு அவ்வளவு உயரம் இல்லையே, ஒளிய முடியாது.

சரி, காரியத்துக்கு வருவோம். நுனி கறுத்த கதிரை இப்போதே தனியாகப் பொறுக்குங்கள். காய வைத்தாலும் வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது. வீணாகிறதே என்று கறவை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள், பாலில் இறங்கும். நல்லதை ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய விடுங்கள். தார்ப்பாயை ராத்திரி மூடினால் காலையில் மறக்காமல் திறங்கள். வேர்த்தால் உள்ளிருந்தே பிடிக்கும்.

---

சிந்துபூந்துறை பதில்:

நான் முழுப் படமும் பார்த்தவன். சொன்னால் கோபப்படக் கூடாது, படம் மோசம். மைக்காவாக நடித்த பையன் மட்டும் கண்ணை இமைக்காமல் பயமுறுத்துகிறான். மற்றப் பிள்ளைகள் பள்ளி ஆண்டுவிழாவில் வசனம் மறந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். நாற்காலிக் கிழவி லாரி மோதிப் பறந்துபோய், உள்ளே பிங்கோ என்ற எண் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழும் காட்சியை எதற்கு எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. பயமும் இல்லை, சிரிப்பும் முழுசாக வரவில்லை.

ஆச்சி கட்சிதான் நான், ஆனால் ஒரு திருத்தம். கொடை கொடுக்காததால் வந்த கோபம் இல்லை அது. நம் சுடலை மாடன் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு வேட்டைக்குப் போகும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். சாமிக்கு முன்னால் நிற்பது பெரியவர்கள். பிள்ளைகள் கண்ணிலேயே படக்கூடாது. அங்கே அது தலைகீழ். சாமி பிள்ளைகளிடம் மட்டும் பேசுகிறது, பத்தொன்பது வயது ஆனவனைப் பலி கேட்கிறது. வயசானால் சாவு என்கிற சாமியை எந்த ஊர்க்காரன் கும்பிடுவான்?

---

மானூர் பரண் பதில்:

எல்லோருக்கும் நன்றி. கேசட் அண்ணாச்சி சொன்னதில் தீ, மெஷின் எல்லாம் சரி. அந்தக் 'கலந்து விற்க' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

போன வருஷம் ஒரு வியாபாரி என் லோடை ஈரம் என்று சொல்லிக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டார். அவரிடம் ஈரம் பார்க்கும் மெஷின் இருந்தது, என்னிடம் வாய் மட்டும் இருந்தது. அதில் மிஞ்சிய ஏழு மூட்டை தொழுவத்தில் கிடந்தது. இந்த வாரம் திறந்து பார்த்தால் இரண்டு மூட்டை பச்சை. புதுச் சோளத்தோடு கலந்துவிட்டால் தெரியாது என்று வீட்டில் பேச்சு வந்தது உண்மை. பேசியது வேறு யாரும் இல்லை, நான்தான். கோழி தின்பதுதானே என்று. அந்தக் கோழியை யார் தின்பது என்று என் மதினிதான் கேட்டாள்.

கரிசல் அண்ணாச்சி, இரண்டு மூட்டையையும் இன்று காலையில் குழி தோண்டி மூடிவிட்டேன். புதுச் சோளத்தில் கறுத்த கதிரை வீட்டு ஆட்கள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் கூட்டுறவுச் சங்கத்துப் பக்கம் ஒருத்தரிடம் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன், 17 காட்டுகிறது. இன்னும் இரண்டு வெயிலாவது வேண்டும். வியாழக்கிழமை லாரி.

சிந்துபூந்துறை அண்ணாச்சி, படம் மோசமாகவே இருக்கட்டும். பையன் போனில் இறக்கித் தந்திருக்கிறான். தார்ச் சாலை ஓரம் காயப்போட்ட சோளத்துக்கு ராத்திரிக் காவல் என் முறை. கரண்ட் போன இடத்திலிருந்து பார்க்கப் போகிறேன். போனில் சார்ஜ் 40 இருக்கிறது, மெஷின் வரும்வரை தாங்குமா தெரியவில்லை.