ஜெனரேட்டர் ஓடுது, கரண்ட் வரல: யாரைக் கூப்பிடறது?

சாந்தி: எல்லாருக்கும் வணக்கம் 🙏 எங்க வீட்டு பெட்ரோல் ஜெனரேட்டர் நல்லா ஸ்டார்ட் ஆகுது, சத்தமும் சீரா இருக்கு. ஆனா சாக்கெட்ல கரண்டே இல்லை. பார்க்க வந்தவர் மூடியைக்கூடத் திறக்காம "வைண்டிங் போச்சு, புதுசா கட்டணும்"னு சொல்லிட்டார். நம்பலாமா? இதுக்குன்னு சரியான ஆளை எப்படிப் பிடிக்கிறது?

குமரேசன்: சாந்திம்மா, மீட்டர் வைக்காம வைண்டிங், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுத்து, போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கட்டறதுக்கு ஒத்துக்காதீங்க. முதல்ல ஜெனரேட்டர் பேனல்ல இருக்கிற சின்ன பிரேக்கர் கீழே விழுந்திருக்கான்னு பாருங்க. பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு அதை மேலே தூக்கிப் பாருங்க.

சாந்தி: பார்த்துட்டேன் அண்ணா, பிரேக்கர் ஆன்லதான் இருக்கு. ரொம்ப நாளா ஓட்டாம கிடந்துச்சு.

குமரேசன்: ஓட்டாம கிடந்துச்சா? அதுதான் முக்கியமான தகவல். ரோட்டார்னா உள்ளே சுத்தற பாகம், அதோட இரும்புல கொஞ்சம் காந்தம் எப்பவும் தங்கியிருக்கணும். அதை வச்சுத்தான் முதல் வோல்ட்டேஜ் கிளம்பும், அதை ஏவிஆர் (வோல்ட்டேஜைச் சீரா வைக்கிற போர்டு) பிடிச்சு 230 வோல்ட் வரைக்கும் ஏத்தும். ரொம்ப நாள் சும்மா கிடந்தாலோ, லோடு இருக்கும்போதே இஞ்சினை அணைச்சாலோ அந்தக் காந்தம் போயிடும். இஞ்சின் ஓடும், கரண்ட் வராது. வைண்டிங்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

பாத்திமா: அதோட கார்பன் பிரஷ்ஷையும், அதாவது ரோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோற கரித்துண்டையும் பார்க்கணும். தேய்ஞ்சு குட்டையாகி இருக்கலாம், இல்லன்னா ஹோல்டருக்குள்ளேயே சிக்கி ரோட்டார்ல இருக்கிற ஸ்லிப் ரிங் வளையத்தைத் தொடாம நிக்கும். சும்மா கிடந்த மெஷின்ல ரிங் மேல கறுப்பா படிஞ்சிருக்கும், அதுவே போதும் கரண்ட் நிக்க. நைஸ் சாண்ட்பேப்பரால துடைச்சா சரியாயிடும்.

சாந்தி: அக்கா, எங்களுதுல பிரஷ் இருக்கான்னு எப்படித் தெரியும்?

பாத்திமா: பின்பக்க மூடிக்குள்ள ஏவிஆர் இருந்தா பெரும்பாலும் பிரஷ்ஷும் இருக்கும். ஏவிஆர் இல்லாம ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருந்தா அது பிரஷ் இல்லாத வகை. அதுல கெப்பாசிட்டர், ரோட்டார் மேல இருக்கிற டயோடு, இந்த ரெண்டும்தான் முதல் சந்தேகம். கெப்பாசிட்டர் அணைச்ச பிறகும் சார்ஜ் வச்சிருக்கும், நீங்க கை வைக்காதீங்க. எலக்ட்ரானிக் போர்டு வழியா கரண்ட் கொடுக்கிற இன்வெர்ட்டர் ஜெனரேட்டரா இருந்தா கதையே வேற. போர்டை ரெசின் ஊத்தி மூடியிருப்பாங்க, அதைக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் கொண்டுபோகணும். வாரண்டி இருந்தாலும் அப்படியே, வெளி ஆள் திறந்தா வாரண்டி கேட்க முடியாமப் போகலாம்.

ஜோசப்: யாரைக் கூப்பிடறதுன்னு முதல்ல பிரிச்சுக்கோங்க. ஸ்டார்ட் ஆகல, கொஞ்சம் ஓடி நிக்குது, சத்தம் ஏறி இறங்குது, சோக் போட்டாத்தான் நிக்காம ஓடுதுன்னா அது இஞ்சின் மெக்கானிக் வேலை. பழைய பெட்ரோல் காய்ஞ்சு கார்புரேட்டர் ஜெட் அடைச்சிருக்கும். ஆயில் குறைஞ்சா சென்சாரே ஸ்பார்க்கை நிறுத்திடும், அப்ப எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் பிடிக்காது. இஞ்சின் சீரா ஓடி கரண்ட் மட்டும் இல்லைன்னா எலக்ட்ரீஷியன். அதுலயும் வீட்டு வயரிங் மட்டும் பண்றவர் போதாது, ஆல்டர்னேட்டர், அதாவது ஜெனரேட்டர்ல கரண்ட் உண்டாக்கற பகுதியோட வேலை தெரிஞ்சவரா இருக்கணும்.

இளங்கோ: வோல்ட்டேஜ் குறைவா வந்தா இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டினா ஏறிடும்னு ஒருத்தர் சொன்னாரே மாமா?

ஜோசப்: வேண்டவே வேண்டாம் தம்பி. வேகம் கூடினா ஹெர்ட்ஸும் (கரண்ட் நொடிக்கு எத்தனை சுழற்சிங்கற கணக்கு) சேர்ந்து கூடும். வீட்டு மெஷின்ல பெரும்பாலும் 2 போல், அதாவது ரெண்டு காந்த முனை, 3000 ஆர்பிஎம்ல ஓடினா 50 ஹெர்ட்ஸ். லோடு இல்லாம 51, 52 காட்டும், முழு லோடுல 50 பக்கம் இறங்கும். அது சரியா இருந்தும் வோல்ட்டேஜ் குறைஞ்சா கோளாறு ஏவிஆர்லயோ பிரஷ்லயோ இருக்கு. அதை விட்டுட்டு வேகத்தைத் திருகினா மோட்டார் உள்ள சாமானைக் கெடுக்கும். ஹெர்ட்ஸ் காட்டற மீட்டர் இல்லாம கவர்னர்ல கை வைக்கிற ஆளை அனுப்பிடுங்க.

சாந்தி: சரி, வர்றவர் சரியாத்தான் பார்க்கிறார்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குமரேசன்: வேலை நடக்கிற வரிசையைப் பாருங்க. முதல்ல இஞ்சினை அணைச்சு ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழட்டுவார். ரோட்டார் சுத்துக்கு ஓம் (மின்தடை) பார்ப்பார், பிரஷ் வகை சின்ன மெஷின்ல அது பத்துக்கணக்கான ஓம் இருக்கும். ஸ்டேட்டர்னா அசையாம நிக்கிற பாகம், அதோட மெயின் சுத்து ஒரு ஓமுக்குப் பக்கமாவோ அதுக்கும் கீழவோ இருக்கும். சரியான எண் மேனுவல்ல இருக்கும், அதோட ஒப்பிடணும்.

அப்புறம் ஏவிஆரைக் கழட்டி வச்சுட்டு, பிரஷ் முனையில 12 வோல்ட் பேட்டரியைச் சரியான பிளஸ், மைனஸ் பார்த்துக் கொடுத்து இஞ்சினை ஓட்டுவார். வெளியே கணிசமா வோல்ட்டேஜ் நிலையா வந்தா ரோட்டாரும் ஸ்டேட்டரும் உயிரோட இருக்கு. திரும்ப ஏவிஆரை மாட்டினதும் 230 வந்தா போனது அந்தக் காந்தம் மட்டும்தான், வேலை அங்கேயே முடிஞ்சது. வரலைன்னா ஏவிஆருக்குக் கரண்ட் கொடுக்கிற துணைச் சுத்தையும் பார்த்துட்டு, அப்புறம்தான் ஏவிஆரை மாத்தணும். இந்தச் சோதனையை நீங்க வீட்டுல பண்ணிப் பார்க்காதீங்க. அவர் பண்றாரான்னு மட்டும் கவனிங்க.

பாத்திமா: மெக்கர், அதாவது இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு சோதிக்கிற மீட்டர், அந்த விஷயத்தையும் சொல்லிடறேன். 500 வோல்ட் மெக்கர் வச்சு சுத்துக்கும் பாடிக்கும் நடுவுல பார்க்கணும். 1 மெகாஓமுக்குக் கீழ வந்தா கவலைதான், ஆனா உடனே எரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்லை. ஈரம் இழுத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். சூடான காத்துல நல்லா காயவச்சுட்டு மறுபடி பார்க்கணும், அப்பவும் ஏறலைன்னாதான் ரீவைண்டிங் பேச்சு. நிஜமா எரிஞ்சிருந்தா மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் கருகின வாடை வரும், சுத்து கறுத்திருக்கும். இன்னொண்ணு, மெக்கர் போடறதுக்கு முன்னாடி ஏவிஆர் வயரைக் கழட்டியே ஆகணும். இல்லன்னா நல்லா இருக்கிற ஏவிஆரையும் அந்த 500 வோல்ட் சாகடிச்சுடும். இதைத் தெரியாதவர் கையில மெக்கர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இளங்கோ: சாந்தி அக்கா, அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல இருந்து ரெண்டு முனையிலயும் பிளக் மாட்டின வயர் போட்டு உங்க சாக்கெட்ல குத்திடலாமே?

குமரேசன்: இளங்கோ, அது ஆளைக் கொல்ற வேலை. யாரும் பண்ணாதீங்க. ஒரு முனை சாக்கெட்ல இருக்கும்போது மறுமுனை பிளக் ஊசி திறந்தபடி உயிரோட இருக்கும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தா கரண்ட் வெளியே போய் தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும், லைன்ல வேலை பார்க்கிறவர் செத்துடுவார். லைன் கரண்ட் திரும்ப வந்தா ஜெனரேட்டரும் எரியும். லைன் கரண்டா ஜெனரேட்டரான்னு மாத்தற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியா மட்டும்தான் வீட்டுக்குள்ள கொடுக்கணும்.

இளங்கோ: புரிஞ்சுது அண்ணா, மன்னிச்சுக்கோங்க.

சாந்தி: எங்க வீட்டுல சேஞ்ச்ஓவர் இருக்கு. அதையும் பார்க்கச் சொல்லணுமா?

குமரேசன்: கட்டாயம். சிங்கிள் ஃபேஸுக்கு 2 போல், அதாவது ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே மாறணும். நடுவுல ஆஃப் நிலை இருக்கணும். முனை ஸ்க்ரூ தளர்ந்து சூடேறி பிளாஸ்டிக் உருகியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கரண்ட் வரலைங்கறதுல பாதி சந்தேகம் இங்கயும் இருக்கலாம். அதனால முதல் சோதனையை ஜெனரேட்டர் சாக்கெட்லயே செய்யணும், வீட்டு சாக்கெட்ல இல்லை.

அப்புறம் நியூட்ரல், எர்த் விஷயம். தூக்கிட்டுப் போற வகை மெஷின் பலதுல நியூட்ரல் எர்த்தோட சேர்ந்திருக்காது. டெஸ்டர் வச்சா ரெண்டு கம்பியிலயும் எரியலாம். அதைப் பார்த்து ஷார்ட்டுன்னு சொல்றவங்க உண்டு, அது கோளாறே இல்லை. ஆனா அந்த நிலையில வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச்) லீக்கேஜுக்கு விழாது. நியூட்ரல்-எர்த் இணைப்பு ஒரே ஒரு இடத்துல இருக்கணும். எந்த இடம்னு வீட்டு எர்த்திங் முறையைப் பார்த்து லைசென்ஸ் உள்ளவர்தான் முடிவு பண்ணணும்.

சாந்தி: ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழுதே அண்ணா?

பாத்திமா: அந்தப் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுலதான் சோதிக்கும் சாந்தி, எர்த் இல்லாட்டியும் விழும். ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்சிசிபி டெஸ்டர் மீட்டர் வச்சு எர்த்துக்கு 30 மில்லிஆம்பியர் விட்டுப் பார்க்கணும். 300 மில்லிசெகண்டுக்குள்ள விழணும். அந்த மீட்டர் இருக்கான்னு ஃபோன்லயே கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.

குமரேசன்: ஃபோன்ல இன்னும் கேளுங்க: லைசென்ஸ் நம்பர், பார்க்கிற கூலி தனியா இல்ல பாகத்தோட சேர்த்தா, மாத்தின பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா, புதுப் பாகத்துக்கு எத்தனை மாசம் பொறுப்பு. எதை மாத்தறதுன்னாலும் அளந்த எண்ணைத் தாள்ல எழுதிக் காட்டிட்டு மாத்தச் சொல்லுங்க. ரீவைண்டிங்தான்னு ஆனா செம்புக் கம்பியா அலுமினியமா, பழைய சுத்து எண்ணிக்கையும் கம்பி கேஜும் குறிச்சாரா, இதெல்லாம் பில்லுல வரணும்.

ஜோசப்: வேலை முடிஞ்சதும் ஒரு பல்பைப் போட்டுக் காட்டிட்டுப் போக விடாதீங்க. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி லோடை ஒண்ணொண்ணா ஏத்தி, மெஷினோட கேவிஏ அளவுல (நேம்பிளேட்ல இருக்கிற திறன்) முக்கால் பங்கு வரைக்கும் அரை மணி நேரம் ஓட்டணும். 3 கேவிஏன்னா 230 வோல்ட்ல 13 ஆம்பியர், அதுல 10 ஆம்பியர், வயரைச் சுத்திப் பிடிச்சு அளக்கற கிளாம்ப் மீட்டர்ல காட்டினா போதும். வோல்ட்டேஜ், ஹெர்ட்ஸ் ரெண்டையும் லோடு இல்லாமயும் லோடோடயும் எழுதி வாங்குங்க. ஃபிரிட்ஜ், டிவியை இந்தச் சோதனைக்கு மாட்டாதீங்க. ஏவிஆருக்கு வோல்ட்டேஜ் அளவைக் காட்டற சென்சிங் வயர் தளர்ந்திருந்தா வோல்ட்டேஜ் தாறுமாறா ஏறும், முதல்ல எரியறது அதுங்கதான். ஜன்னலுக்கு 6 மீட்டராவது தள்ளி வெளியில வச்சு ஓட்டுங்க. கார் ஷெட்லயோ வராந்தாவுலயோ வேண்டாம், அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு வாடையே தெரியாது.

சாந்தி: நம்பர் ஒண்ணு கிடைச்சிருக்கு. "3 கேவிஏ பெட்ரோல், கரண்ட் வரல, எப்ப வருவீங்க"ன்னு மெசேஜ் போடப் போறேன். சரியா?

குமரேசன்: அது மட்டும் போதாதும்மா. நேம்பிளேட் படம் முழுசா தெரியற மாதிரி ஒண்ணு அனுப்புங்க. "இஞ்சின் சீரா ஓடுது, பிரேக்கர் ஆன், ஜெனரேட்டர் சாக்கெட்லயே கரண்ட் இல்லை, ரொம்ப நாள் ஓட்டல"ன்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஜெனரேட்டர் சாக்கெட்ல ஒரு டேபிள் லைட்டை நேரா மாட்டிப் பார்த்துடுங்க.

பாத்திமா: முடிஞ்சா இஞ்சினை அணைச்சு, ஆறவிட்டு, பிளக் கேப்பைக் கழட்டிட்டு பின்மூடியைத் திறந்து ஏவிஆர் படமும் எடுங்க. கெப்பாசிட்டர் தெரிஞ்சா அப்படியே மூடிடுங்க. ஏவிஆர்ல எத்தனை வயர், என்ன நிறம், சாக்கெட் எந்த வடிவம்னு தெரியணும். ஒரே கேவிஏவுக்கே நாலஞ்சு வகை ஏவிஆர் இருக்கு, படம் பார்த்தாத்தான் பொருத்தமானதைக் கையோட எடுத்துட்டு வருவார்.

சாந்தி: லைட் எரியல அக்கா. ஏவிஆர்தான் இருக்கு, நாலு படம் எடுத்துட்டேன். இப்பவே அனுப்பறேன்.