வரத்து வாய்க்கால் ஓரமாக நடந்தபோது சந்தித்தவர்கள்

பொங்கல் முடிந்து ஒரு வாரம் செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் இருந்தேன். தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, மழை பெஞ்சா இங்கதான விழும்? அப்புறம் அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டான். ஊர்க் குடிதண்ணீர்க் குளமான ஊருணிக்குப் போகும் என்று தெரியும். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. "காலையில போய்ப் பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் முற்றத்து மூலையில் இருக்கும் கல் துவாரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தோம். ஓட்டுக்கூரை நாலு பக்கமும் உள்பக்கமாகச் சரிந்திருப்பதால் மழை முற்றத்தில் வந்து கொட்டும். அப்பத்தா காலத்தில் அண்டா, கிடாரம் எல்லாம் வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது அந்தத் துவாரம் வழியாகத் தெரு வாய்க்காலுக்கு இறங்கும். தெருக்களை நூல் பிடித்த மாதிரி போட்டவர்கள் தண்ணீர் ஓடும் வாட்டத்தையும் பார்த்தே போட்டிருக்கிறார்கள். வாய்க்காலில் கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினோம். அது ஊருணிப் பக்கமாகவே ஊர்ந்தது. பையனுக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு வீடு பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எல்லாவற்றையும் படம் எடுக்கிறார்கள். அந்த வாய்க்காலையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மண் இது. ஐப்பசி, கார்த்திகையில் விழுவதைப் பிடித்து வைத்துத்தான் இத்தனை பெரிய வீடுகளும் ஊர்களும் பிழைத்திருக்கின்றன.

ஊருணிக் கரையில் ஓர் ஆச்சி குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். நான் படியில் கால் வைக்கப் போனதும், "செருப்ப மேலயே விட்டுட்டு வாங்க தம்பி, குடிக்கிற தண்ணி" என்றார். சட்டென்று கழற்றினேன். குளிக்க, துவைக்க, மாடு குளிப்பாட்ட வேறு குளம் இருக்கிறதாம். இதில் கால் நனைப்பதுகூட இல்லை. செம்புறாங்கல் சுவர், நாலு பக்கமும் படி, தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. "வீட்டுல போர் இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன். "இருக்கு. அதுல பருப்பு வேகுமா? உப்புத் தண்ணி. சோறாக்க, குடிக்க இதுதான்" என்றவர், பையன் கையைக் குவிக்கச் சொல்லிக் குடத்தைச் சாய்த்தார். அவன் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஊருணி நிறைந்தால் மிச்சம் எங்கே போகும் என்று அவரே கை காட்டினார். அந்தப் பக்கமாக ஊரை விட்டு வெளியேறினோம். இங்கேதான் ஒரு வருத்தம். ஓர் இடத்தில் வாய்க்காலே இல்லை. மனை போட்டு, செம்மண் அடித்து, கல் ஊன்றியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே வந்து திகைத்து நிற்கும். கோபமாக வந்தது. வழி தேடிச் சுற்றிப் போனதில் சீமைக்கருவேலம் புதருக்குள் மாட்டிக்கொண்டோம். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் என் பாதத்தில் ஏறியது. இந்தப் பக்கம் நடக்க வருபவர்கள் தயவுசெய்து தடித்த அடி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

நொண்டிக்கொண்டே கண்மாய்க் கரை ஏறினேன். வயலுக்குத் தண்ணீர் தேக்கும் ஏரியைத்தான் இங்கே கண்மாய் என்போம். அப்பா, என்ன ஒரு காட்சி! பனை வரிசை, கரைக்கு உள்பக்கம் முழுக்கத் தண்ணீர், மறுபக்கம் கதிர் முற்றிய வயல். கரையில் அய்யனார் கோயில், அதன் முன்னால் மழையில் கறுத்த மண் குதிரைகள். கண்மாயைக் காப்பவர் அய்யனார் என்று இங்கே சொல்வார்கள். இரவில் அவர் குதிரையேறிக் கரையைச் சுற்றி வருவார் என்று சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன்.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை அருகே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அரைஞாண் கயிற்றில் கிடந்த முள்வாங்கியை எடுத்தார். முள் வந்தது. பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அவர் அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துத் திருப்பிவிடுவது அவர் வேலை. சம்பளம் கிடையாது. அறுவடையில் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள்.

தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நின்றன. நடுவே குறுக்காகக் கல் பலகை, அதில் துளை. "அது என்ன தாத்தா?" என்றான் பையன். "அதான்யா பழைய மடை. அடியில துவாரம், அதுல அடைப்பு. இப்ப இங்குன ஷட்டர் வந்துருச்சு, திருகுனா தெறக்கும். எங்கப்பாரு காலத்துல முங்கித்தான் எடுக்கணும். தண்ணி இழுக்கும். இழுக்குறதுக்கு முன்னாடி வெளிய வந்துரணும்" என்றார். அவர் அப்பா முங்கப் போகும்போதெல்லாம் அம்மா கரையில் வந்து நிற்பாராம். இதைச் சொன்னபோது அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பேசவில்லை.

அவர்தான் எங்களைக் கலுங்கு வரை கூட்டிப்போனார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் அது. வரிசையாக நட்ட கற்கள். மழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அதற்கு மேல் வருவது மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகப் போய்ச் சேரும். "எங்களுக்கு மறுகால், அவங்களுக்கு வரத்து. ரெண்டும் ஒரே வாய்க்கால்தான்" என்றார். பையன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. மொத்தம் ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். நின்று நின்று போனதில் நாலு மணி நேரம் ஆனது. மேடு பள்ளம் கிடையாது. வயதானவர்களும் நடக்கலாம்.

உங்களில் யாராவது இப்படி நடந்திருந்தால், வழியில் யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

*

நான் தேவகோட்டைப் பக்கம். நடை என்று நினைத்து நான் நடந்ததில்லை. பள்ளிக்கூடம் போனதே கண்மாய்க் கரை வழியாகத்தான். நீங்கள் பார்த்தது தை மாதத்துக் கண்மாய். வற்றுகிற காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள்.

போன வருடம் பங்குனியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையில் காற்று வாங்கக் கரையில் நடந்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "நாளைக்குக் காலையில மீன்பிடி, வாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவர். விடியுமுன் போனேன். நானூறு ஐந்நூறு பேர் கரையில் ஊத்தாவும் கச்சாவும் வலையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர்கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். அவ்வளவுதான், கண்மாயே கலங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி வெறும் கொசுவலையை வைத்துக்கொண்டு கெண்டையாக அள்ளினார். வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்து, "மீன்பிடிக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது ஆத்தா" என்று ஒரு விராலை என் முந்தானையில் போட்டார். அது துள்ளியதில் புடவையெல்லாம் சேறு. அன்றைக்கு வீட்டில் வைத்த குழம்பு போல அதற்குப் பிறகு ஒன்று அமையவில்லை.

வாய்க்காலை மூடி மனை போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரிலும் உண்டு. அந்த ஓடை அடைபட்ட பிறகு எங்கள் ஊருணி ஒரு வருடம்கூட முழுதாக நிறையவில்லை.

*

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். கார்த்திகையிலிருந்து மாசி வரை போனால் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் மரத்துக்கு மரம் இருக்கும். நான் போனது ஒரு மார்கழி ஞாயிறு. கரையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனோம். ஆடு மேய்த்த ஒரு சிறுவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். "கூட்டுல குஞ்சு இருக்குண்ணே." அந்த ஊரில் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை என்று பிறகு டீக்கடையில் சொன்னார்கள். அவன் பிறந்ததிலிருந்து வெடி வெடித்ததே இல்லையாம்.

*

எழுதிய இருவருக்கும் நன்றி. பங்குனிக்கு லீவு சொல்லிவிட்டேன், மீன்பிடி நாள் தெரிந்தால் இங்கே போடுங்கள். தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டவருக்கு: செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கினால் கானாடுகாத்தான் பக்கம்தான். முதலில் ஊருணிக்குப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வயல் வரப்பில் இறங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவரும் மறுக்க மாட்டார்கள். பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் கரையில் வெயில் சுடும்.