தமிழ்ப் பெயர்களில் தட்டச்சுப் பிழை பிடிப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி வருகிறோம். பலர் தட்டச்சு செய்வதால் ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்துவிடுகிறார். இங்கே பலருக்குத் தாத்தா பாட்டியைத் தேட இந்த ஏடுதான் வழி என்பதால், இதைச் சரியாகச் செய்தே ஆக வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில் லெவன்ஷ்டைன் தொலைவைப் பயன்படுத்துகிறேன். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறிகளை (கணினி தனித்தனியாக எண்ணும் 'ம', 'ு' போன்றவை) சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற கணக்கு அது. சிக்கல் என்னவென்றால், ஒரே பெயரின் இரு வடிவங்களான முனுசாமிக்கும் மூனசாமிக்கும் தொலைவு 2. ராஜன், ராஜம் இருவருக்கும் 1தான்! ஒருவர் ஆண், ஒருவர் பெண். எத்தனை தொலைவு வரை ஒரே ஆள் என்று கொள்வது என்ற வரம்பை எங்கே வைத்தாலும் இடிக்கிறது.

அப்புறம், 'பொன்னம்மா'வின் ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் இரண்டாகவும் உள்ளிட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணக்கில் 2. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றியதும் அது சரியானது.

இப்போது குறில்-நெடில், ல-ள-ழ, ர-ற, ன-ண மாற்றங்களுக்கு மட்டும் குறைந்த எடை (1-க்குப் பதில் அதைவிடச் சிறிய தொலைவு) கொடுக்க நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? என்ன எடை ஒத்துவந்தது? குறிகளாக ஒப்பிடுவதா, 'மு', 'னு' என முழு எழுத்தாகவா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.