மறு: மறு: ‘பெண்ணியவாதி’க்கு மாற்று? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செ. (சென்னை):

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவிகளுக்கான ஒரு வினாப்பட்டியலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. மூலத்தில் பெண்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தன்னை ஃபெமினிஸ்ட் (பெண்ணியவாதி) என்று தானே சொல்பவர்; சமக் கூலி, சொத்தில் பங்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்பவர்; இரண்டையும் ஏற்காதவர். முதல் வகை ‘செல்ஃப்-ஐடென்டிஃபைடு ஃபெமினிஸ்ட்’, இரண்டாவது ‘எகாலிடேரியன்’. இந்த இரண்டும் கலந்துபோனால் ஆய்வே வீண். 2013இல் அமெரிக்காவில் ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித்தளமும் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் எடுத்த கணிப்பில், தங்களை ஃபெமினிஸ்ட் என்றவர்கள் 20 விழுக்காடு. ஆணும் பெண்ணும் சமூகம், அரசியல், பொருளாதாரம் மூன்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்றவர்கள் 82 விழுக்காடு. இடையில் நிற்கும் அந்தக் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளி மாலை அனுப்பியாக வேண்டும்.

மு. (தஞ்சாவூர்):

அம்மா, முதலில் அந்த ‘வாதி’யைக் கழற்றுங்கள். நீதிமன்றத்தில் வாதி என்றால் பிராது கொடுத்தவர், எதிரே பிரதிவாதி. பயங்கரவாதி, பிரிவினைவாதி என்று செய்தித்தாளில் வருவதும் இதே வாதிதான். போதாததற்குப் பக்கவாதம், முடக்குவாதம். வடமொழியில் நோய்க்கு ஒரு தகரம், தர்க்கத்துக்கு வேறொரு தகரம். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இப்படி ஒரு பெயரை எந்தப் பெண் விரும்பிச் சூடுவாள்? பெண்ணியம் + அர் = பெண்ணியர். தமிழ்ச்சொல், சுருக்கமும்கூட.

கோ. (கோவை):

காந்தியவாதி என்றால் யாரும் வைத்தியரிடம் ஓடுவதில்லையே ஐயா. சரி, ‘பெண்ணியர்’ ஒருமையில் என்ன ஆகும்? பெண்ணியளா, பெண்ணியனா? ‘வாதி’ இரு பாலுக்கும் பொது. பதினெட்டு வயதுப் பெண் ‘நான் பெண்ணியர்’ என்றால் தனக்குத் தானே மரியாதை வைத்துக்கொள்வது போல இருக்கிறது.

மு.:

‘நான் மருத்துவர்’, ‘நான் ஆசிரியர்’ என்று சொல்லும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போயிற்று?

நோய் என்றதும் சிரித்தீர்கள். பிரெஞ்சுக்குப் போய்ப் பாருங்கள். 1871இல் ஒரு மருத்துவ மாணவர், காசநோய் கண்ட ஆண்களிடம் பெண்தன்மை தோன்றுவதைக் குறிக்க ‘ஃபெமினிஸ்ம்’ என்று எழுதினார். மறு ஆண்டே எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா (மகன்) பெண்ணுரிமை பேசுவோரைக் கிண்டல் செய்ய ‘ஃபெமினிஸ்த்’ என்றார். 1882இல் வாக்குரிமைப் போராளி யூபெர்த்தீன் ஓக்ளேர் அந்தச் சொல்லையே தன் கொள்கைக்கு எடுத்துக்கொண்டார். நோயாகவும் வசையாகவும் கிடந்த சொல் அது.

கோ.:

அப்படியென்றால் உங்கள் வாதம் உங்களையே இடிக்கிறது. நோய்ப்பெயரை வைத்துக்கொண்டே அவர்கள் சமாளித்திருக்கிறார்கள். நாம் ‘வாதி’யை வைத்துக்கொண்டு சமாளிக்கக் கூடாதா? மலையாளத்தில் வசையாகக் கிளம்பிய ‘ஃபெமினிச்சி’யை இப்போது பெண்களே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

மு.:

‘இச்சி’ நம் ஈறுதான். மருத்துவச்சி, வேட்டுவிச்சி. இதுபற்றித் தனியே எழுதுகிறேன்.

(எழுதினார். இடைச்சி, எயிற்றி, மறத்தி வழியாகக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் வரை போனது அந்த மடல். நம் தலைப்புக்குத் தேவைப்படாததால் இங்கே தொகுக்கவில்லை. – மட்டுறுத்துநர்)

ச. (யாழ்ப்பாணம்):

வணக்கம். இஞ்சை எண்பதுகளில் இருந்தே ‘பெண்நிலைவாதம்’, ‘பெண்நிலைவாதி’ என்றுதான் எழுதி வருகிறோம். நீங்கள் பாலினம் என்பதை நாங்கள் பால்நிலை என்பது போலத்தான். அந்தச் சொல்லில் ஒரு வசதி உண்டு: பெண் நிலையில் நின்று பார்க்கிறவர் என்று பொருள்படும். ஆண்களும் அந்த நிலையில் நிற்கலாம். வினாக்கொத்து இங்கும் வருமென்றால் தயவுசெய்து எங்களுக்காக ‘பெண்ணியர்’ போட வேண்டாம். ஒருவருக்கும் விளங்காது.

ம. (திருநெல்வேலி):

நான் வகுப்பறையில் இருப்பவள். ஈறு பற்றி நீங்கள் பேசுவதையெல்லாம் என் மாணவிகள் கேட்டால் கொட்டாவி விடுவார்கள். சொத்தில் சம பங்கு வேண்டுமா என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமாக இருந்தது 1989இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள். ‘அப்ப நீங்க ஃபெமினிஸ்ட்தானே?’ என்றால் ஒரு கைகூட இருக்காது. ‘ஐயோ மேடம், வீட்ல தெரிஞ்சா அவ்ளோதான்.’ பையன்கள் கேலி செய்வார்கள், மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். இது ஒரு வகை மறுப்பு.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு மாணவி, ‘அந்தச் சொல்லைச் சொல்றவங்க எங்க தெருவுக்கு வந்ததே இல்ல’ என்றாள். தொண்ணூறுகளில் தலித் பெண்ணியம் எழுந்தபோது கேட்ட கேள்வியும் இதுதான். அமெரிக்காவில் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ‘வுமனிஸ்ட்’ என்று வேறு சொல்லே வைத்தார். ‘மானுஷி’ என்ற பெண்கள் இதழை நடத்திய மது கிஷ்வர், தான் ஏன் தன்னை ஃபெமினிஸ்ட் என்று சொல்வதில்லை என்று 1990இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர்கள் யாருக்கும் பயந்து ஒதுங்கியவர்கள் இல்லை. பயந்து மறுப்பவரையும் யோசித்து மறுப்பவரையும் ஒரே கட்டத்தில் போட்டு ‘எகாலிடேரியன்’ என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆப்பிரிக்கப் பெண்ணியவாதிகள் 2006இல் கானாவின் தலைநகர் அக்ராவில் கூடி, ‘ஆனால்’, ‘எனினும்’ எதுவும் சேர்க்காமல் எங்களை வெளிப்படையாக இந்தப் பெயரால் சொல்வோம் என்று சாசனமே எழுதினார்கள். அப்படிச் சொல்லத் துணிவும் வேண்டும், சொல்ல விடுகிற வீடும் வேண்டும்.

செ.:

ம. அக்கா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வகைகளை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான். ‘எகாலிடேரியன்’க்கு ‘சமத்துவர்’ என்று போடவா?

கோ.:

வேண்டவே வேண்டாம். ‘சமத்து’ என்றுதான் காதில் விழும். ‘நீங்கள் ஃபெமினிஸ்டா, சமத்தா?’ கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

மு.:

‘புதுமைப்பெண்’ என்று போடலாமே? பாரதியே கொடுத்த பெயர்.

ம.:

ஐயா, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் ‘நீங்கள் புதுமைப்பெண்ணா?’ என்று கேட்டால், ‘ஆமாம், மாசம் 1000 ரூபாய் வருது’ என்று பாதிப் பேர் டிக் அடித்துவிடுவார்கள். 2022இல் இருந்து அது உதவித்தொகையின் பெயர்.

மு.:

‘செல்ஃப்-ஐடென்டிஃபைடு’க்காவது என் சொல்லைக் கேளுங்கள். தன்கூற்று. அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வகுத்த மரபு நம்முடையது. யார் வாயில் வருகிறது என்பதைக் குறிக்க இதைவிட நல்ல சொல் கிடையாது. தன்கூற்றுப் பெண்ணியர்.

கோ.:

கூற்று என்றால் எமனும்தான்.

செ.:

ஆய்வறிக்கையில் ‘தன்கூற்று’ நன்றாகவே இருக்கும். வினாப்பட்டியலில் எடுபடாது. என் சிக்கல் இப்போது வினைச்சொல்லில் வந்து நிற்கிறது. ‘உங்களைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வீர்களா?’ என்று முதல் வரைவில் இருந்தது. யாரையோ கூட அழைத்துப் போகச் சொல்வது போல இருக்கிறது. ‘சொல்லிக்கொள்வீர்களா’ என்று மாற்றினேன். அது இன்னும் மோசம். ‘டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்’ என்றால் போலி டாக்டர் என்றுதானே நமக்குப் படுகிறது? கேள்வியே குற்றம் சாட்டினால் யார் ‘ஆம்’ என்பார்கள்? ‘கருதுகிறீர்களா’ பரவாயில்லை. ஆனால் மனதில் கருதுவது வேறு, வாய்விட்டுச் சொல்வது வேறு. ம. அக்கா சொன்ன மாணவிகள் மனதுக்குள் கருதக்கூடும்.

ச.:

கேள்வியாகவே கேட்க வேண்டாமே. ‘நான் ஒரு பெண்நிலைவாதி’ என்று வசனத்தை எழுதிவிட்டு, உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று இரண்டு பெட்டி போடுங்கள். வினைச்சொல்லே தேவையில்லை. தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது.

ம.:

இது நல்ல வழி. வாய்விட்டுப் படிக்கும்போது அவளே சொன்னதாகவும் ஆகிவிடுகிறது. சிலர் அந்த இடத்தில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத்தானே அளக்கப் போகிறீர்கள்?

செ. (வெள்ளி, மதியம்):

அனுப்பிவிட்டேன். ‘நான் ஒரு பெண்ணியவாதி (ஃபெமினிஸ்ட்)’, ‘ஆண் பெண் சமத்துவத்தை ஏற்கிறேன், ஆனால் என்னைப் பெண்ணியவாதி என்று சொல்ல மாட்டேன்’, ‘இரண்டும் இல்லை’. இரண்டாவது வகைக்குப் பெயர் வைக்கவில்லை, வாக்கியமாகவே விட்டுவிட்டேன். அதன் கீழே ‘ஏன்?’ என்று ஒரு வரி இடம் கேட்டிருக்கிறேன், தருவார்களா பார்க்கலாம். இலங்கைப் படிக்கு ச. சொன்னபடி. ‘வாதி’க்கு நான்கு பேர், ‘பெண்ணியர்’க்கு மு. ஐயா ஒருவர். எல்லோருக்கும் நன்றி.

மு.:

நால்வர் கை தூக்கினால் ஈறு திருந்திவிடாது. குழுவின் கலைச்சொல் பட்டியலில் ‘பெண்ணியர்’, ‘தன்கூற்று’ இரண்டையும் ஏற்றுகிறேன்; மறுப்பவர்கள் இலக்கணக் காரணத்தோடு எழுதுக. இன்னொன்று: ச. போகிற போக்கில் ‘வினாக்கொத்து’ என்றார். நம் ‘வினாப்பட்டியல்’ அதன் முன் சப்பென்று இருக்கிறது. புது இழை தொடங்குகிறேன்.